பால் ஊற்றிய நுரையீரல்

நுரையீரலிலிருந்து வடிந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

புருலாய் கையை உதறிவிட்டு, தொட்டியில் தேங்கிய அந்தத் தண்ணீரில் மறுபடி விரல் வைத்துப் பார்த்தாள். ஆடு நேற்றுக் காலையில் அறுபட்டது. அதன் நுரையீரலையும் மூச்சுக்குழலையும் ஒரே கொத்தாக எடுத்து இரவு முழுக்கக் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தார்கள். கொக்கியிலிருந்து கீழே எடுக்கும்போது கல்லாகக் குளிர்ந்திருந்தது. அவள் ஊற்றியதோ தெருக்குழாயிலிருந்து இப்போதுதான் சுமந்துவந்த தண்ணீர். வாளி ஓரத்தில் இன்னும் பனித்தகடு மிதந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் குழல் வழியே உள்ளே போய், இரண்டு பக்கமும் பொம்மென்று உப்பி, இளஞ்சிவப்பு நுரையோடு திரும்பி வரும்போது மட்டும், யாரோ கொஞ்சநேரம் வாயில் அடக்கி வைத்திருந்து துப்பியதுபோலச் சூடேறி வந்தது.

அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, மூக்கைச் சுளிக்காமக் கழுவுங்க. நாளைக்கு மனுஷ வயித்தக் கிழிக்கப் போறவ, ஆட்டுக்கே இப்படி மூஞ்சியச் சுருக்குனா எப்படி?" பக்கத்து வீட்டுத் துர்சுன் அக்கா மாவை உருட்டிக்கொண்டே சிரித்தாள்.

"மனுஷ வயித்துல இவ்வளவு நாத்தம் இருக்காதுக்கா."

"என் வீட்டுக்காரர நீ மோந்து பாத்ததில்ல."

அடுப்படியில் நின்ற மாமியார் சைகாலும் சிரித்தாள். சிரிப்பு என்பதைவிட, காய்ந்த தோலை இழுத்துக் கிழிப்பது போன்ற சத்தம் அது. அவளுடைய குரலே அப்படித்தான். பிறவித் தொண்டை என்று அக்-புலாக் ஊரே சொல்லும். ஒட்டகக் குரல்காரி என்று சிறுபிள்ளைகள் மறைவில் கேலி பேசும்.

புருலாயின் மாமனார் கெரிம்பெக் இறந்து நாளையோடு ஒரு வருடம். அதற்கான ஆண்டு விருந்து. ஊரும் உறவும் திரண்டு வரும். அவள் கணவன் தலாய்பெக், பெரிய கொப்பரைகளும் பெஞ்சுகளும் ஏற்றிவர ஆட்களோடு லாரியில் பக்கத்து ஊருக்குப் போயிருந்தான். பெரியவர்கள் முன்னால் வைக்கிற பதார்த்தம் பால் நுரையீரல். கழுவிக் கழுவி வெள்ளை வெளேரென்று ஆக்கிய நுரையீரலுக்குள் வெண்ணெயும் வெங்காயமும் கலந்த பாலை மூச்சுக்குழல் வழியாக ஊற்றி, குழலை இறுகக் கட்டி வேகவைப்பார்கள். அந்த வட்டாரத்தில் சைகால் கைக்கு ஈடு கிடையாது. கழுவுகிற வேலையை மட்டும் இந்தமுறை மருமகளிடம் தள்ளிவிட்டிருந்தாள்.

"நீ படிக்கிறதும் இதுதானே. கழுவிக்கிட்டே படி, படிச்சுக்கிட்டே கழுவு. இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னா அப்புறம் கல்லூரியும் கிடையாது, கத்தரிக்கோலும் கிடையாது. மாட்டுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

கேலியாகச் சொன்னாலும் அது கேலியில்லை. விருந்துக்கு மறுநாள் புருலாய்க்கு வாய்மொழித் தேர்வு. மூச்சு மண்டலமும் செரிமான மண்டலமும். ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தாள். இன்னொரு முறை தோற்றால் கல்லூரியில் இடம் போய்விடும்.

எண்ணெய் காய்ந்து முதல் மாவுத் துண்டுகள் பொரிந்தன. அந்தக் கனத்த மணம் கூரைவரை எழுந்து, சுவரோரமாக வழிந்து, அடுக்களையை ஒட்டிய சின்ன அறையின் திரைச்சீலையை மெல்ல அசைத்துக்கொண்டு உள்ளே போனது.

"நல்லா மணக்கட்டும்," என்றாள் சைகால். "செத்தவங்களுக்கு வாய் ஏது. மூக்காலதான சாப்பிடணும்."

கொஞ்சநேரத்தில் துர்சுன் அக்கா மீதி மாவைத் தன் வீட்டில் பொரிக்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போனாள். சைகால் பால் கொண்டுவரத் தொழுவத்துக்குப் போனாள். மலைக்குப் பின்னால் வெயில் சீக்கிரமே இறங்கிவிடும் மாதம். சன்னல் கண்ணாடியில் நீலம் படரத் தொடங்கியது.

புருலாய் வாய்விட்டுப் படித்தாள்.

"மூச்சுக்குழல் முன்னால. உணவுக்குழாய் பின்னால, முதுகெலும்ப ஒட்டி."

அவளுடைய பேராசிரியை தமிரா ஒஸ்மோனொவ்னா வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் சொந்த வீட்டுக் குறையைச் சொல்கிறமாதிரி பெருமூச்சு விடுவாள். 'கடவுள் கட்டுன வீட்டுல இது ஒண்ணுதான் தப்பான பிளான், கண்ணுகளா. காத்தும் சோறும் ஒரே வாசல்ல வந்து, தொண்டைக்குள்ள ஒண்ணையொண்ணு குறுக்க வெட்டிப் போகுது. நடுவுல காவலுக்கு ஒரே ஒரு மூடி. அது ஒருநாள் கண்ணசந்தா வீட்டுக்காரன் காலி.' போன தேர்வில் புருலாய் திணறி நின்றதும் அந்த இடத்தில்தான். வழிதவறி இறங்குகிற உணவு ஏன் பெரும்பாலும் வலது நுரையீரலுக்கே போகிறது?

"ஏன்னா வலது கிளை அகலம். நேராக் கீழ இறங்குது. இடது கிளை சாஞ்சு போகுது."

சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

வலப்பக்கம்தான் ரொம்ப அடைச்சிருக்கு என்று போன வருடம் ஊர் மருத்துவ உதவியாளர் சொன்னது ஞாபகம் வந்தது. மாமனாரின் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். நெஞ்சுச் சளி என்றார். வாதம் அடித்து நாக்கு விழுந்துபோன கெரிம்பெக், இந்த அடுக்களைச் சூட்டுக்காகப் பக்கத்துச் சின்ன அறையில் மல்லாக்கக் கிடந்தார். ஒரு காலத்தில் மேல்மலைச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டிய பெரிய உடம்பு. வேளாவேளைக்கு சைகால் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டி கரண்டியாகப் பால் புகட்டுவாள். இருமக்கூடத் தெம்பில்லாத அந்த மனிதரின் மூச்சு, அரைகுறையாக நிரம்பிய குடத்தை ஆட்டுவதுபோல, இரவும் பகலும் களக் களக் என்று வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது புருலாய் புது மருமகள். கல்லூரியில் எலும்புகளைத் தாண்டவில்லை. நோயாளியின் மூச்சு அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவளுக்குத் தெரியும். படுத்துக் கிடக்கிறவருக்கு, விழுங்கத் தெரியாமல் போனவருக்கு, பால் எங்கே போகும் என்று.

பாவம் அத்தை, அவங்களுக்கு எப்படித் தெரியும் என்று எண்ணிக்கொண்டு நுரையீரலைக் கவிழ்த்தாள்.

கீழ்ப்புறத்தில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. விரலால் தேய்த்தாள். போகவில்லை. மேலே ஒட்டியிருக்கவில்லை, உள்ளே ஊறிக்கிடந்தன, பழைய பச்சைகுத்தலைப்போல. மேய்ச்சல் மலையில் புல்லும் காற்றும் தவிர வேறெதுவும் அறியாத ஆட்டுக்கு நெஞ்சில் கரி எப்படி வரும்?

குழலை விரலால் தடவிக்கொண்டு போனாள். ஆட்டுக்கு மனிதனைவிட ஒரு கிளை கூட. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே மேலே வலப்பக்கமாக ஒன்று தனியாகப் பிரியும், தேர்வில் ஆட்டைப் பார்த்துப் படித்தவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள் என்று தமிரா ஒஸ்மோனொவ்னா எச்சரித்திருந்தாள். அந்தக் கிளை இல்லை. இன்னும் கீழே தடவினாள். இல்லை. குழல் வழவழப்பாக இறங்கி, புத்தகப் படத்தில் உள்ளதுபோலவே இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் மூன்று மடல். இடப்பக்கம் இரண்டு.

ஒவ்வொரு ஆடும் ஒவ்வொரு மாதிரி. அப்படியும் இருக்கலாம்.

இனி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஓட்டை இருந்தால் பால் நிற்காது. குழலில் வாயை வைத்து ஊதினாள். நுரையீரல் இரண்டு பக்கமும் விரிந்து, தொட்டியின் விளிம்பைத் தொட்டு, பளபளவென்று நின்றது. வாயை எடுத்தாள். உஸ்ஸென்று காற்று வெளியேறியது. அதில் வியப்பில்லை, ஊதிய பலூன் சுருங்குவதுபோல அது தானாகச் சுருங்கும். கடைசிக் காற்றும் போய், மடல்கள் தளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.

பிறகு நுரையீரல் மூச்சை உள்ளே இழுத்தது.

மெதுவாக. களக்கென்ற சிறு சத்தத்தோடு. மடல்கள் விரிந்தன.

நுரையீரலுக்குத் தசை கிடையாது. அது தானாக இழுக்காது. கீழே உதரவிதானம் இழுக்கவேண்டும், விலா எலும்புகள் தூக்கவேண்டும். இது புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. புருலாய் உள்ளங்கையால் குழலின் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைத் தோல் உறிஞ்சப்பட்டது. ஈரமான உதடுபோலக் குழலின் விளிம்பு கையைப் பற்றிக்கொண்டது. பற்றி இழுத்தது. விட்டது. மறுபடி இழுத்தது.

கையைப் பிடுங்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

வாசல் கதவு திறந்தது. சைகால் பால் வாளியோடு உள்ளே வந்தாள். கூடவே குளிரும் தொழுவத்து வாடையும் வந்தன.

"என்ன அங்க நிக்கிற? கழுவியாச்சா?"

"அத்தை, அது மூச்சு விடுது."

சைகால் வாளியை இறக்கி வைத்தாள். தொட்டியைப் பார்த்தாள். நுரையீரல் அசையாமல் கிடந்தது. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள் புருலாய், வைவாள் என்றும் எதிர்பார்த்தாள். இரண்டும் இல்லை. விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறமாதிரி ஒரு கணம் பார்த்துவிட்டு, மாமியார் கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

"பசியா இருக்கும்," என்றாள்.

பாலை வாளியோடு அடுப்பில் வைத்து வெண்ணெய் போட்டாள். உப்பும் நறுக்கிய வெங்காயமும் போட்டாள். பால் சூடேறும்வரை கிளறினாள். பிறகு சைகால் தொட்டி முன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புனலைக் குழலின் வாயில் செருகினாள்.

"வா. குழல நேராப் பிடி."

புருலாய் வந்து பிடித்தாள். விரலுக்கு அடியில் குருத்தெலும்பு வளையங்கள் துடித்தன. தன் நாடியாகத்தான் இருக்கும் என்று நினைக்க முயன்றாள்.

சைகால் கரண்டியால் மொண்டு ஊற்றினாள். பால் இறங்கியது. இன்னொரு கரண்டி. இறங்கியது. அவள் கையில் அவசரமில்லை. ஒரு கரண்டி, கொஞ்சம் காத்திருப்பு, அடுத்த கரண்டி. இந்தத் தாளத்தைப் புருலாய் அறிவாள். சின்ன அறைத் திரைச்சீலையின் இடுக்கில் எத்தனை நாள் பார்த்திருக்கிறாள்.

"அத்தை, மாமாவுக்குப் பால் குடுக்கும்போது தலையணை வச்சு உக்கார வைக்கலையா?"

"உக்கார வச்சா வயித்துக்குப் போயிருமே."

வாய் தவறிச் சொல்கிறாள் என்றுதான் புருலாய் முதலில் நினைத்தாள். கரண்டி நிற்கவில்லை.

"இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து நுரையீரல்ல பால் ஊத்துறேன்," என்றாள் சைகால், அந்தக் கிழிந்த குரலில், யாரையோ எழுப்பிவிடக் கூடாதென்பதுபோல மெதுவாக. "எது எந்தக் குழாயில இறங்கும்னு உன் புத்தகம் வந்துதான் எனக்குச் சொல்லணுமா?"

"மாமா கேட்டாரா? கஷ்டம் தாங்காம, முடிச்சு விடுன்னு?"

"நாக்கு விழுந்த மனுஷன் என்னத்தக் கேப்பார்."

கரண்டியை வைத்துவிட்டு, சைகால் தாடையின் கீழ் இறுகக் கட்டியிருந்த முக்காட்டைத் தளர்த்தினாள். புருலாய் அந்த வீட்டில் வாழவந்ததிலிருந்து அந்தக் கழுத்தை முழுசாகப் பார்த்ததே இல்லை. சைகால் முகத்தை உயர்த்தினாள்.

"தொட்டுப் பாரு. படிச்சவதான நீ."

தொட்டாள். குரல்வளையின் முன்பக்கம் கேடயம்போல இரண்டு பலகை, நடுவில் ஒரு முனையில் சேரும் என்று தன் கழுத்தில் தொட்டுத் தொட்டு மனப்பாடம் செய்திருந்தாள். இங்கே ஒரு பலகை உள்ளே இடிந்து கிடந்தது. பிசைந்த மாவில் கட்டைவிரல் வைத்து அமுக்கியதுபோல ஒரு பள்ளம். புருலாயின் விரல் அதில் சரியாகப் பொருந்தவில்லை. அவள் விரலைவிடப் பெரிய விரல் அது.

"கல்யாணமாகி மொதக் குளிர்காலம். பால் பொங்கி வழிஞ்சுருச்சு. அவ்வளவுதான்." சைகால் முக்காட்டை மறுபடி இறுகக் கட்டிக்கொண்டாள். "அன்னிக்கு நானும் மூச்சுக்குக் கெஞ்சுனேன். வாயத் தொறந்து தொறந்து. அவர் பாத்துக்கிட்டேதான் இருந்தார்."

புருலாய்க்குக் கணவனின் முகம் நினைவுக்கு வந்தது. அப்பாவின் படத்தைத் துடைத்துச் சுவரில் மாட்டிவிட்டுக் காலையில் கண் கலங்க நின்றவன். நாளைக்குக் கூடப்போகும் ஊர் நினைவுக்கு வந்தது. சொன்னால் இந்த வீடு என்னவாகும், சொல்லாவிட்டால் தான் யார்.

"நீ சொல்ல மாட்ட," என்றாள் சைகால். "குழலச் சாய்க்காத. நேராப் பிடி."

நேராகப் பிடித்தாள்.

பால் இறங்கிக்கொண்டே இருந்தது. பாதி வாளி போதும், அதற்குமேல் எந்த ஆட்டின் நுரையீரலும் கொள்ளாது. வாளியில் முக்கால் காலியாயிற்று. நுரையீரல் ததும்பவில்லை. புனலில் பால் வட்டமிட்டுச் சுழன்று, மடக்கென்ற சத்தத்தோடு மறைந்தது. மறுபடி மடக். நுரையீரல் விழுங்காது. விழுங்குவது அதன் வேலையில்லை.

"அத்தை, போதும்."

"ஒரு வருஷப் பசி," என்று வாளியைத் தூக்கி மிச்சத்தையும் சரித்தாள் சைகால்.

குழலை நூலால் இறுக்கிக் கட்டி, கொதிக்கிற கொப்பரையில் இருவருமாகத் தூக்கிப் போட்டார்கள். கைக்குழந்தையின் கனம் இருந்தது. மூடியை வைத்தபிறகு சைகால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் முகம் வேர்த்திருந்தது.

"கொஞ்சம் சாயறேன். தண்ணி வத்தாமப் பாத்துக்க."

திரைச்சீலையை விலக்கிச் சின்ன அறைக்குள் போனாள். கெரிம்பெக் போனபிறகு அங்கே யாரும் படுத்ததில்லை.

அடுக்களைக்குள் இருட்டு வந்தது. புருலாய் விளக்கைப் போட்டாள். எரியவில்லை. இந்தக் குளிர்காலத்தில் சாயங்காலம் மின்சாரம் போவது வழக்கம்தான். அடுப்பு வாயின் சிவப்பு மட்டும் தரையில் விழுந்து கிடந்தது. மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி அலமாரிமேல் வைத்துவிட்டுக் கொப்பரை முன் உட்கார்ந்தாள். லாரிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். பனி பெய்யத் தொடங்கியிருந்தது, தெருவே பஞ்சுக்குள் புதைந்ததுபோல ஓசையற்றுக் கிடந்தது.

கொப்பரை மூடி எழுந்தது. அமர்ந்தது.

கொதிக்கிறது, ஆவி தள்ளுகிறது. ஆனால் கொதிக்கும் மூடி படபடவென்று அடித்துக்கொள்ளும். இது நிதானமாக எழுந்தது. நின்றது. மெல்ல அமர்ந்தது. நடுவில் ஒரு இடைவெளி. பிறகு எழுந்தது. புருலாய் தன்னையறியாமல் அதனோடு சேர்ந்து மூச்சு விடுவதை உணர்ந்தாள். நிறுத்தினாள். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூடி நின்றுவிட்டது.

அப்போது கேட்டது.

களக். களக்.

அரைக் குடம் தண்ணீர். குலுக்கினால் வரும் சத்தம். போன வருடம் வீடு முழுக்க நிறைந்திருந்த அதே சத்தம்.

எழுந்தாள். துணியால் பிடித்து மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. விலகியது. விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். கொப்பரையில் தெளிந்த தண்ணீர். அடியில் ஒரு சாம்பல் நிறத் தோல், தட்டையாக, காலிப் பைபோல. குழலில் கட்டிய நூல் கட்டியபடியே இருந்தது. ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் இல்லை. ஒரு துணுக்கு வெங்காயம் இல்லை.

களக்.

சத்தம் பின்னாலிருந்து வந்தது.

"அத்தை."

திரைச்சீலைப் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, எந்திரிங்க."

திரைச்சீலை உள்ளே போனது. வெளியே வந்தது. அறைக்குள் சன்னல் இல்லை. காற்று வர வழியே இல்லை.

விளக்கோடு உள்ளே போனாள்.

சைகால் மல்லாக்கப் படுத்திருந்தாள். தலையணை இல்லாமல். முக்காடு அவிழ்ந்து கிடந்தது. கண்கள் திறந்திருந்தன. வாய் திறந்திருந்தது. வாய் நிறையப் பால்.

உதட்டின் விளிம்புவரை. ஒரு சொட்டு வழியாமல். வெண்ணெய்ப் படலம் அதன்மேல் விளக்கொளியில் மினுங்கியது. ஆவி பறந்தது. மார்பு அசையவில்லை. வயிறு அசையவில்லை. பால் மட்டும் தாழ்ந்தது. ஏறியது. தாழ்ந்தது. ஏறியது.

புருலாய்க்குச் செய்யவேண்டியது தெரியும். ஒருக்களித்துத் திருப்பவேண்டும். வாய் கீழே பார்க்கவேண்டும். வழி விடவேண்டும். இதை யாரும் அவளுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. விளக்கைத் தரையில் வைத்தாள். மண்டியிட்டாள். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, முழுப் பலத்தோடு தன் பக்கமாகத் திருப்பினாள். உடம்பு சுலபமாகத் திரும்பியது. கன்னம் மெத்தையில் பதிந்தது. வாய் அவளுக்கு நேரெதிரே வந்தது.

பால் கொட்டவில்லை.

சுவர்போல நின்றது, வாய்க்குள், செங்குத்தாக. உள்ளே போனது. வெளியே வந்தது.

சைகாலின் கண்கள் புருலாயைப் பார்த்தன. அவற்றில் பயமில்லை. நோவும் இல்லை. பிறகு, பால் நிறைந்த அந்த வாய் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, புகட்டுகிறவர் கையிலிருந்து அடுத்த கரண்டி வருவதற்காகக் காத்திருந்தது.